‘லேட்’ என்னும் சிறு சொல்: ஆங்கில வாக்கியத்தில் அதன் இடமும் பொருளும்

தமிழ் பேசும் வீடுகளில், ஆங்கிலம் படித்திராத பாட்டிகூட நாள்தோறும் சொல்லும் ஆங்கிலச் சொற்களுள் ‘லேட்’ ஒன்று. “ஏன் இவ்வளவு லேட்டு?”, “பஸ் லேட்டாயிடுச்சு”, “லேட் பண்ணாம கிளம்பு” என்று நம் பேச்சில் அது உகரம் ஏற்றும் உருபு ஏற்றும் துணைவினை ஏற்றும் தமிழ்ச் சொல்லாகவே பழகிவிட்டது. ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் தொடங்குகிறவருக்கு அந்தப் பழக்கமே இடையூறாக வந்து நிற்கிறது. முன்பின் அறியாத சொல்லைக் கற்பவர் அதன் இலக்கணத்தையும் சேர்த்தே கற்கிறார். முன்பே தெரிந்த சொல்லை எடுத்து ஆங்கில வாக்கியத்தில் வைப்பவரோ, தம்மை அறியாமலே தமிழ் இலக்கணத்தையும் அதனோடு எடுத்துச் சென்றுவிடுகிறார். பெரியவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லித்தரும் நான், கடினமான சொற்களில் காணும் பிழைகளைவிட இந்த ஒற்றை அசைச் சொல்லில் காணும் பிழைகளே மிகுதி என்பதை மறுபடி மறுபடி கண்டிருக்கிறேன். ஆகவே இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆங்கில வாக்கியத்தில் அது எங்கெங்கே நிற்கிறது, நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் பொருள் எப்படி மாறுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அது எவ்வகைச் சொல் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘லேட்’ அடிப்படையில் ஒரு பெயரடை. அதாவது ஒரு பெயர்ச்சொல் குறிக்கும் ஆளுக்கோ பொருளுக்கோ உரிய தன்மையைச் சொல்லும் சொல். தமிழில் ‘தாமதம்’ பெயர்ச்சொல். அதனோடு ‘ஆன’ சேர்த்தால் ‘தாமதமான பதில்’ என்று பெயரடையாகிறது, ‘ஆக’ சேர்த்தால் ‘தாமதமாக வந்தான்’ என்று வினையடையாகிறது. ஆங்கிலத்தின் ‘லேட்’ இந்த இரண்டு வேலைகளையும் உருவம் மாறாமலே செய்கிறது. ஆனால் பெயர்ச்சொல் செய்யும் வேலையை மட்டும் அது செய்வதில்லை. நாம் தமிழில் ‘லேட்டுக்கு என்ன காரணம்?’ என்று அதைப் பெயராக்கி உருபு சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு வேறு சொற்கள் உண்டு. ‘டிலே’ என்பது தாமதம், ‘லேட்னெஸ்’ என்பது தாமதமாக வரும் தன்மை. ‘லேட்’ பெயரும் அன்று, வினையும் அன்று என்பதை மனத்தில் நன்றாக இருத்திக்கொண்டால், கீழே வரப்போகும் பிழைகளில் பாதி தாமாகவே விலகும்.

நாள்தோறும் மிகுதியாகப் பயன்படும் வாக்கியம் ‘ஐ ஆம் லேட்’ என்பது. இதில் மூன்றே சொற்கள் இருந்தாலும், இரு மொழிகளும் உலகைப் பார்க்கும் முறையில் உள்ள வேறுபாடு இதற்குள் அடங்கியிருக்கிறது. தமிழில் தாமதம் என்பது நமக்கு நேர்கிற ஒன்று. ‘எனக்கு லேட்டாகிவிட்டது’ என்கிறோம். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’ என்று சொல்வதைப் போலவே இதையும் நான்காம் வேற்றுமையில், நமக்கு வந்து சேர்ந்த ஒரு நிலையாகச் சொல்கிறோம். ஆங்கிலம் அந்த நிலையை ஆளின் தன்மையாகவே கொள்கிறது: பசி என்றால் ‘ஐ ஆம் ஹங்ரி’, குளிர் என்றால் ‘ஐ ஆம் கோல்ட்’, தாமதம் என்றால் ‘ஐ ஆம் லேட்’. தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கும் இத்தகைய வாக்கியங்கள் ஆங்கிலத்தில் ‘நான்’ என்றே தொடங்கும் என்பதை ஒருமுறை உணர்ந்துவிட்டால், ‘இட் பிகேம் லேட் டு மீ’ என்பது போன்ற வாக்கியங்கள் வாயில் வாரா.

ஆளுக்கும் தன்மைக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். தமிழில் அந்தப் பாலம் தேவைப்படுவதில்லை. ‘அவன் உயரம்’, ‘இன்றைக்கு நான் லேட்’ என்று இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தாலே வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி ஆகிய வடிவங்களுள் ஒன்று கட்டாயம் நடுவில் நிற்க வேண்டும். நிகழ்காலத்தில் பலரும் அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். எதிர்காலத்துக்கும் ஏவலுக்கும் போகும்போதுதான் பாலம் நழுவுகிறது. ‘நாளை எனக்கு லேட்டாகும்’ என்று சொல்ல நினைப்பவர் ‘டுமாரோ ஐ வில் லேட்’ என்கிறார். ‘லேட் பண்ணாதே’ என்று சொல்ல நினைப்பவர் ‘டோன்ட் லேட்’ என்கிறார். இரண்டிலும் ‘லேட்’ வினைச்சொல்லின் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டது. ‘வில்’ என்பதற்குப் பின்னும் ‘டோன்ட்’ என்பதற்குப் பின்னும் ஆங்கிலம் ஒரு வினையை எதிர்பார்க்கும். நம்மிடம் இருப்பதோ பெயரடை. ஆகவே ‘பி’ என்னும் வினையை இடையில் வைத்து ‘டுமாரோ ஐ வில் பி லேட்’, ‘டோன்ட் பி லேட்’ என்று சொல்ல வேண்டும். ‘என்னை லேட் பண்ணாதே’ என்று இன்னொருவரைக் கண்டிக்க வேண்டுமானால், ‘டோன்ட் மேக் மீ லேட்’ என்பது சரியான வடிவம்.

இந்தியாவில் படித்தவர்களும் மிகுதியாகச் சொல்லும் ஒரு வடிவம் ‘ஐ காட் லேட்’ என்பது. ‘லேட்டாகிவிட்டது’ என்பதில் உள்ள ‘ஆகிவிட்டது’ என்னும் வினையை ‘காட்’ என்று ஆக்கியதால் இது பிறக்கிறது. நம் நாட்டுக்குள் இதைக் கேட்டால் எவருக்கும் பொருள் விளங்கும். ஆயினும் தேர்விலும் நேர்காணலிலும் வெளிநாட்டினரிடம் எழுதும் மடலிலும் ‘ஐ வாஸ் லேட்’ என்பதையே கைக்கொள்ளுங்கள். வழியில் இருக்கிறீர்கள், இன்னும் போய்ச் சேரவில்லை, எப்படியும் நேரம் தவறும் என்று தெரிகிறது என்றால், அதற்கென்றே ஆங்கிலத்தில் ஓர் அழகான தொடர் இருக்கிறது: ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’. இதில் ‘ரன்னிங்’ என்பதற்கு ஓடுவது என்று பொருளில்லை. அட்டவணையிலிருந்து பின்தங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே அதன் கருத்து. போக்குவரத்து நெரிசலில் பேருந்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பவரும் தொலைபேசியில் இதைச் சொல்லலாம்.

மன்னிப்புக் கேட்கும் இடம் தனியாகக் கவனிக்கத்தக்கது, ஏனென்றால் நாம் தாமதமாக வரும்போதுதான் இந்தச் சொல் நமக்கு உடனே தேவைப்படுகிறது. அந்தப் பதற்றத்தில் இலக்கணம் யோசிக்க நேரம் இருப்பதில்லை. ‘சாரி ஃபார் லேட்’ என்று பலர் சொல்கிறார்கள். ‘ஃபார்’ என்பதை அடுத்து ஒரு பெயரோ பெயர் போன்ற தொடரோ வர வேண்டும் என்பதால் தனித்த ‘லேட்’ அங்கே நிற்க முடியாது. எளிதான வழி ‘சாரி, ஐ ஆம் லேட்’ என்பதுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். சற்று முறைப்படி சொல்ல வேண்டுமானால் ‘சாரி ஃபார் பீயிங் லேட்’ என்றோ ‘சாரி ஃபார் த டிலே’ என்றோ சொல்லலாம். மின்னஞ்சலுக்குக் காலம் கடந்து மறுமொழி எழுதும்போது ‘சாரி ஃபார் த லேட் ரிப்ளை’ என்று தொடங்குவது முற்றிலும் சரி. அங்கே ‘லேட்’ தனக்குப் பின்னால் நிற்கும் ‘ரிப்ளை’ என்னும் பெயரை விளக்கும் அடையாக, தன் இயல்பான வேலையைச் செய்கிறது. பிறந்த நாள் முடிந்த பிறகு அனுப்பும் வாழ்த்துக்கு மட்டும் ‘லேட்’ என்பதைவிட ‘பிலேட்டட்’ என்னும் சொல்லே வழக்கத்தில் நிலைத்துவிட்டது. பொருள் ஒன்றே என்றாலும் வாழ்த்து அட்டைகளில் அச்சாகி அச்சாகி அது அந்த இடத்துக்கே உரியதாகிவிட்டது.

எதற்குத் தாமதம் என்று சொல்லும்போது ‘ஃபார்’ வர வேண்டும். ‘பள்ளிக்கு லேட்’ என்பதில் உள்ள ‘கு’ உருபை நாம் வழக்கமாக ‘டு’ என்று மாற்றிக்கொள்வதால் ‘லேட் டு ஸ்கூல்’ என்று எழுதிவிடுகிறோம். ‘பள்ளிக்குப் போனேன்’ என்பதிலும் ‘பள்ளிக்கு லேட்’ என்பதிலும் உருபு ஒன்றே ஆனாலும், முன்னது செல்லும் திசை, பின்னது நாம் நேரத்துக்குச் சென்றிருக்க வேண்டிய நிகழ்வு. திசைக்கு ‘டு’, நிகழ்வுக்கு ‘ஃபார்’. அமெரிக்காவில் ‘லேட் டு த மீட்டிங்’ என்று சொல்வோரும் உண்டு. எனினும் தொடக்க நிலையில் இருப்பவர் ‘லேட் ஃபார்’ என்பதையே பிடித்துக்கொண்டால் எங்கும் தவறாகாது. கட்ட வேண்டிய வாடகை, கொடுக்க வேண்டிய வேலை போன்றவற்றில் பின்தங்கினால் ‘வித்’ வரும்: ‘ஹி இஸ் லேட் வித் த ரென்ட்’ என்றால் அவர் வாடகையைத் தருவதில் தாமதித்திருக்கிறார் என்று பொருள்.

எவ்வளவு தாமதம் என்பதை ஆங்கிலம் ‘லேட்’டுக்கு முன்னால் வைக்கிறது. ‘பத்து நிமிடம் லேட்’ என்பதில் தமிழும் அதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது என்பதால் இது நமக்கு எளிது: ‘ஷி வாஸ் டென் மினிட்ஸ் லேட் ஃபார் த இன்டர்வியூ’. ஆனால் இந்திய ரயில் நிலையங்களில் வளர்ந்த காதுகளுக்கு வேறொரு வடிவமும் பழக்கம். வண்டி ‘இஸ் ரன்னிங் லேட் பை தர்ட்டி மினிட்ஸ்’ என்று ஒலிபெருக்கியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த ‘பை’ வடிவம் பிழையன்று. அளவை வலியுறுத்திச் சொல்லும் முறையான அறிவிப்புக்கு அது பொருந்துகிறது. நாளாந்தப் பேச்சில் ‘த ட்ரெயின் இஸ் தர்ட்டி மினிட்ஸ் லேட்’ என்பதே இயல்பு. பெண்கள் மாதவிலக்கு நாள் கடந்திருப்பதைச் சொல்லும்போதும் ‘ஐ ஆம் டூ வீக்ஸ் லேட்’ என்பதுண்டு. ‘நாள் தள்ளிப் போயிருக்கிறது’ என்று நம் வீடுகளில் தணிந்த குரலில் சொல்வது போன்ற ஒரு வழக்கு அது. மருத்துவரிடம் உரையாடுகையில் இந்தப் பொருளை அறிந்திருப்பது நல்லது.

இதுவரை பார்த்த வாக்கியங்களில் எழுவாய் ஓர் ஆளாகவோ வண்டியாகவோ இருந்தது. எழுவாயின் இடத்தில் ‘இட்’ வந்தால் பொருள் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. ‘இட் இஸ் லேட்’ என்றால் எவரும் தாமதிக்கவில்லை; பொழுது ஆகிவிட்டது, இரவு ஏறிவிட்டது என்று பொருள். இந்த ‘இட்’ எதையும் சுட்டுவதில்லை. ஆங்கில வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது என்பதால் வெற்றிடத்தை நிரப்ப வந்த சொல் அது. தமிழில் நாம் எழுவாயே இல்லாமல் ‘நேரமாகிவிட்டது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். விருந்துக்குச் சென்ற வீட்டிலிருந்து விடைபெறும்போது ‘நேரமாச்சு, கிளம்புறோம்’ என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் ‘இட் இஸ் கெட்டிங் லேட், வி ஷுட் கோ’ என்பது அப்படியே பொருந்தும். முன்பு ‘ஐ காட் லேட்’ வேண்டாம் என்றேன். ஆனால் ‘இட் காட் லேட்’ என்பது குற்றமற்ற வாக்கியம். பொழுதுக்கு ‘ஆகிவிடும்’ இயல்பு உண்டு, ஆளுக்கு இல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘வெரி லேட்’ என்பதற்கும் ‘டூ லேட்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் வகுப்பில் எப்போதும் அதிக நேரம் எடுத்துக்கொண்டு சொல்வதுண்டு, ஏனென்றால் இதைத் தவறாகச் சொன்னால் கேட்பவரின் நம்பிக்கையே போய்விடும். ‘டூ’ என்பது ‘மிகவும்’ என்பதன் இன்னொரு வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘வெரி லேட்’ என்றால் மிகவும் தாமதம், அவ்வளவுதான்; வேலை இன்னும் நடக்கக்கூடும். ‘டூ லேட்’ என்றால் தாமதத்தின் காரணமாக வாய்ப்பே கைநழுவிவிட்டது, இனிச் செய்வதற்கில்லை என்று பொருள். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் மாலையில் ஓடிவரும் ஒருவரிடம் அலுவலர் ‘யூ ஆர் வெரி லேட்’ என்று சொன்னால் அவர் கடிந்துகொள்கிறார், ஆனாலும் வாங்கிக்கொள்வார். ‘யூ ஆர் டூ லேட்’ என்று சொன்னால் சாளரம் மூடப்பட்டுவிட்டது. எதைச் செய்ய முடியாது என்பதை ‘டு’ சேர்த்து நீட்டலாம்: ‘இட் இஸ் டூ லேட் டு கால் ஹர்’ என்றால், இந்நேரத்துக்கு மேல் அவரைத் தொலைபேசியில் அழைப்பது முறையாகாது. இந்த வாக்கியத்தில் ‘இல்லை’, ‘முடியாது’ என்று மறுக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. மறுப்பு முழுவதையும் ‘டூ’ ஒன்றே சுமக்கிறது. இதே வாக்கியத்தைத் தமிழில் ‘இனிமேல் கூப்பிட முடியாது’ என்று எதிர்மறை வினையால்தான் சொல்வோம் என்பதால், ஆங்கிலத்தில் படிக்கும்போது அந்த மறுப்பு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ‘இட் இஸ் நெவர் டூ லேட் டு லேர்ன்’ என்பதில் ‘நெவர்’ வந்து அந்த மறுப்பையே மறுக்கிறது. எந்த வயதிலும் கற்கலாம் என்ற பொருள் அப்படித்தான் கிடைக்கிறது.

இனி ‘லேட்’ ஒரு பெயர்ச்சொல்லின் முன்னால் நிற்கும் இடங்களுக்கு வருவோம். இங்கே அது பல நேரங்களில் குற்றம் சொல்வதில்லை. ‘லேட் லஞ்ச்’ என்பது வழக்கமான நேரத்துக்குப் பிந்தி, மூன்று மணியளவில் சாப்பிடும் மதிய உணவு. எவரும் எவரையும் காக்க வைக்கவில்லை. ‘லேட் மேரேஜ்’ என்பது வயது சற்று ஏறிய பிறகு நடந்த திருமணம். ‘லேட் ஷிஃப்ட்’ என்பது மாலையில் தொடங்கி இரவு வரை செல்லும் பணிமுறை. அதில் வேலை செய்பவர் நேரம் தவறாமல் வந்திருக்கலாம். ‘த லேட் ட்ரெயின்’ என்று ஒருவர் சொன்னால், தாமதமாக ஓடும் ரயிலைச் சொல்கிறாரா, இரவு வெகுநேரம் கழித்துப் புறப்படும் ரயிலைச் சொல்கிறாரா என்பதைச் சூழலை வைத்தே அறிய வேண்டும். அதையே ‘த ட்ரெயின் இஸ் லேட்’ என்று பயனிலையாக மாற்றினால் ஐயத்துக்கு இடமில்லை, அது தாமதமாக ஓடும் ரயில்தான்.

காலத்தைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் நின்றால் அது அந்தக் காலப்பகுதியின் பிற்பகுதியைக் காட்டும். ஆங்கிலத்தில் எந்தக் காலத்தையும் எர்லி, மிட், லேட் என்று மூன்றாகப் பகுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ‘லேட் மே’ என்றால் மே மாதத்தின் கடைசி நாட்கள். ‘த லேட் நைன்டீந்த் சென்சுரி’ என்றால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஒருவர் ‘இன் ஹர் லேட் தர்ட்டீஸ்’ இருக்கிறார் என்றால் அவருக்கு வயது 37க்கும் 39க்கும் இடையில் என்று கொள்ளலாம். வயதை இலக்கமாகச் சொல்ல விரும்பாத இடத்தில் இது பயன்படும். ‘லேட் மார்னிங்’ என்பதைத் தாமதமாக விடிந்த காலை என்றோ தாமதமாக எழுந்த காலை என்றோ கருதிவிடக் கூடாது. அது நண்பகலுக்குச் சற்று முந்திய, ஏறத்தாழ பதினொரு மணிப் பொழுது. சந்திப்புக்கு ‘லேட் ஆஃப்டர்நூன்’ என்று நேரம் குறித்திருந்தால் நான்கு மணியை ஒட்டி என்று புரிந்துகொள்ள வேண்டும். பிற்பகலுக்குப் பிந்திப் போகலாம் என்று எண்ணி ஆறு மணிக்குச் சென்றால் உண்மையாகவே ‘லேட்’ ஆகிவிடுவோம்.

பெயருக்கு முன்னால் நிற்கும்போதுதான் இந்தச் சொல் இறப்பையும் குறிக்கிறது. ‘மை லேட் ஃபாதர்’ என்றால் மறைந்த என் தந்தை. நேரத்தைப் பற்றிய ஒரு சொல் மறைவைக் குறிக்க எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அண்மைக்காலம் வரை இருந்தவர் என்ற கருத்திலிருந்து அது வளர்ந்தது. நம் மொழியும் ‘காலஞ்சென்ற’ என்று காலத்தைக் கொண்டே மறைவைச் சொல்கிறது என்பதை நினைத்தால் இது அத்தனை புதிதாகத் தோன்றாது. ‘இறந்த’ என்று நேரடியாகச் சொல்ல இரு மொழிகளுக்குமே மனம் வரவில்லை.

இந்தப் பொருளில் சொல்லைக் கையாளும்போது இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, அது பெயருக்கு முன்னால் மட்டுமே நிற்க வேண்டும். ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்று பயனிலையில் வைத்தால், அப்பா இன்னும் வந்து சேரவில்லை என்ற பொருள்தான் கிடைக்கும். தந்தையை அண்மையில் இழந்த மாணவர் ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்ல, எதிரில் இருந்தவர் ‘பரவாயில்லை, காத்திருக்கலாம்’ என்று மறுமொழி சொன்னதை நான் நேரில் கண்டிருக்கிறேன். இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால் அந்த இளைஞரின் முகத்தை நான் மறக்கவில்லை, அன்றிலிருந்துதான் இந்தப் பாடத்தை எந்த வகுப்பிலும் விட்டுவிடாமல் நடத்துகிறேன். அவர் சொல்லியிருக்க வேண்டியது ‘மை ஃபாதர் பாஸ்ட் அவே’ என்பது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா போன்ற நாடுகளின் ஆங்கிலத்தில் மட்டும் ‘ஹி இஸ் லேட்’ என்றாலே அவர் இறந்துவிட்டார் என்று பொருள் கொள்ளும் வழக்கு இருக்கிறது. மற்ற இடங்களில் அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

மற்றொன்று, அதற்கு முன்னால் ‘த’ என்பதோ ‘மை’, ‘ஹர்’ போன்ற உடைமைச் சொல்லோ வர வேண்டும். நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்களில் மறைந்த பெரியவரின் பெயருக்கு முன் ‘லேட்’ என்று மட்டும் அச்சிடுகிறோம். விண்ணப்பப் படிவங்களில் தந்தை பெயருக்கு முன்னும் அப்படியே எழுதுகிறோம். இந்திய வழக்காக அது நிலைபெற்றுவிட்டது. முழு வாக்கியம் எழுதும்போது ‘த லேட் டாக்டர் அப்துல் கலாம்’ என்று ‘த’ சேர்த்தே எழுத வேண்டும். அவர் பெயரை வைத்தே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். ‘ஃபார்மர்’ என்பது பதவி முடிந்ததைச் சொல்லும், ‘லேட்’ என்பது வாழ்வு முடிந்ததைச் சொல்லும். கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். அதன்பின் தம் காலமெல்லாம் அவர் ‘ஃபார்மர் பிரசிடென்ட்’. 2015 ஜூலையில் மறைந்த பிறகுதான் ‘லேட்’ என்னும் அடைக்கு இடம் வந்தது. நலமாக வாழ்ந்துகொண்டிருக்கும் முன்னாள் தலைமையாசிரியரை ‘ஆவர் லேட் ஹெட்மாஸ்டர்’ என்று ஆண்டுவிழா மேடையில் அறிமுகம் செய்வது எத்தகைய தவறு என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு: வெகுகாலத்துக்கு முன் மறைந்தவர்களுக்கு இந்த அடை பொருந்தாது. 1921இல் மறைந்த பாரதியாரை ‘த லேட் பாரதியார்’ என்று எழுதினால், தமிழில் ‘காலஞ்சென்ற பாரதியார்’ என்று எழுதுவது எவ்வளவு ஒவ்வாமல் இருக்குமோ அவ்வளவு ஒவ்வாமல் இருக்கும். நினைவில் உறவாக இன்னும் வாழ்கிறவர்களுக்கே இந்தச் சொல் உரியது. வரலாறாகிவிட்டவர்களுக்கு அது தேவையில்லை.

வினையடையாக வரும்போது ‘லேட்’ வினைக்குப் பின்னால் நிற்கும்: ‘ஹி கேம் லேட்’, ‘ஷி ஒர்க்ஸ் லேட்’. பெரும்பாலான ஆங்கிலப் பெயரடைகள் ‘லி’ என்னும் ஈற்றைச் சேர்த்து வினையடை ஆகின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். ஸ்லோ என்பது ஸ்லோலி ஆகிறது, குவிக் என்பது குவிக்லி ஆகிறது. அந்த விதியை நம்பி ‘ஹி கேம் லேட்லி’ என்று எழுதினால் தவறாகிவிடும். ‘லேட்லி’ என்பதற்கு அண்மைக்காலமாக என்று பொருள்: ‘ஐ ஹாவ் நாட் சீன் ஹிம் லேட்லி’ என்றால் சில நாட்களாக அவரைக் காணவில்லை.

‘லேட்டர்’ பெரும்பாலும் ‘பிறகு’ என்ற பொருளில் வரும். ‘டூ டேஸ் லேட்டர்’ என்றாலே இரண்டு நாட்களுக்குப் பிறகு என்பது முழுமையாக வந்துவிடுவதால் அதற்கு முன் ‘ஆஃப்டர்’ சேர்க்க வேண்டாம். ‘லேட்டஸ்ட்’ என்பதைக் கடைசியாக வந்தது, ஆகவே புதியது என்ற பொருளில் நாம் தமிழிலும் சரியாகவே வழங்குகிறோம். அலுவலக மடல்களில் மட்டும் ‘லேட்டஸ்ட் பை ஃப்ரைடே’ என்று எழுதும் இந்திய வழக்கம் பிற நாட்டினருக்குப் புதிராக இருக்கும். எவ்வளவு பிந்தினாலும் வெள்ளிக்கிழமைக்குள் என்பதை அவர்கள் ‘பை ஃப்ரைடே அட் த லேட்டஸ்ட்’ என்று எழுதுவார்கள்.

‘லேட்’ என்னும் சொல்லுக்கு மிகப் பழைய ஆங்கிலத்தில் மெதுவான, மந்தமான என்பதே பொருளாக இருந்தது. மெதுவாக வருபவர் பிந்தி வருவார் என்ற வழியிலேயே இன்றைய பொருள் வந்தது. அந்தப் பழைய சொல்லின் ஒப்பீட்டு வடிவம்தான் இரண்டில் பின்னதைக் குறிக்கும் ‘லாட்டர்’. அதன் உச்ச வடிவம்தான் கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’. நாம் தனித்தனியாக மனப்பாடம் செய்த இந்தச் சொற்கள் ஒரே வேரின் கிளைகள். அதே வேரிலிருந்து, ஒருவரைத் தாமதப்படுத்துதல், தடுத்தல் என்ற பொருளில் ‘லெட்’ என்று ஒரு வினையும் இருந்தது. அனுமதித்தல் என்று இன்று பொருள்படும் ‘லெட்’ வேறு, இது வேறு. பேச்சில் அந்த வினை வழக்கொழிந்துவிட்டாலும், தடை என்னும் பெயராக அது இன்னும் நம் கைக்கு எட்டும் ஓரிடத்தில் அச்சில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்தால், அதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகத்தில் ‘விதவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்’ என்னும் தொடரைக் காணலாம்.